கருஞ்சாறும் வினையூக்கியும்

காகித ஆலையின் கருஞ்சாற்றைக் கழிவு என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஆலையின் மீட்புக் கொதிகலத்தின் அருகே ஒரு ராத்திரி ஷிப்டாவது நின்றறியாதவர்கள் என்பது என் அபிப்பிராயம். மரத்தையோ கரும்புச் சக்கையையோ காஸ்டிக் சோடாவில் வேகவைத்து நாரைக் கூழாகப் பிரித்தெடுத்தபின் மிஞ்சுகிற அந்தக் கரிய திரவத்தை ஆலையில் எல்லோரும் பிளாக் லிக்கர் என்றே சொல்லுவார்கள். மரத்தின் நார்களைப் பிணைத்து நிறுத்துகிற லிக்னின் அதில்தான் கரைந்து கிடக்கிறது. பென்சீன் வளையங்களைக் கோத்துப் பின்னிய அந்தப் பொருளை வினையூக்கிகளைக் கொண்டு நொறுக்கினால், இன்று கச்சா எண்ணெயிலிருந்து வருகிற பீனால், குவாயகால், வெனிலின் முதலான அரோமாட்டிக் ரசாயனங்களை ஆண்டுதோறும் விளைகிற பயிரிலிருந்தே பெற்றுவிடலாம் என்பது நான் உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலேயே பழங்கனவாகிவிட்டிருந்தது.

காவிரிக் கரையில் நான் வேலைபார்த்த ஆலையில் கொதிகலப் பிரிவின் ஃபோர்மனாக இருந்த கொங்குநாட்டுப் பெரியவர் ஒருவரிடம் இந்தக் கனவை உற்சாகத்தோடு விவரித்தேன். உலையின் பார்வைத் துளையில் கண்ணை வைத்தபடியே முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஏனுங்க தம்பி, நீங்க பாட்டுக்கு அதையெல்லாம் வடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்கன்னா, பாய்லருக்கு நான் என்னத்தைப் போட்டு எரிக்கறதுங்க?"

அந்தக் கேள்வியை அப்பொழுது நான் சிரித்து ஒதுக்கினேன். ஆனால் பின்னால் எந்த ஆராய்ச்சிச்சாலையிலும் எந்தப் பண்டிதரும் அதைவிடக் கூர்மையான கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. ஒரு டன் மரக்கூழுக்குக் கருஞ்சாற்றில் ஏறக்குறைய ஒன்றரை டன் திடப்பொருள் வந்து சேரும். அதை வற்றவைத்து உலையினுள் பீய்ச்சி எரித்தால், லிக்னின் வெந்து நீராவி கிளம்பி ஆலையை ஓட்டும். சமையலில் சேர்த்த சோடாவும் கந்தகமும் உருகிய குழம்பாக அடியில் வடியும். அதை நீரில் கரைத்துச் சுண்ணாம்பு சேர்த்தால் மறுபடியும் மரத்தை வேகவைக்கும் காரநீர் கிடைத்துவிடும். உலர்ந்த லிக்னின் கிலோவுக்குச் சுமார் 6,000 கிலோகலோரி வெப்பம் தரும். நம் தேசத்து நிலக்கரியில் பல ரகங்கள் 4,000-ஐத் தாண்டுவதில்லை. ஆகவே லிக்னினை எடுத்துக்கொள்ள விரும்புகிற ரசாயனி ஆலைக்காரனிடம் கேட்பது குப்பையை அல்ல, அவன் அடுப்பின் விறகை.

நான் சாத்தான்குளத்துக்காரன். தேரிக்காட்டுப் பனைகளின் நடுவே விடிலிகளில் பதநீர் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவனாதலால், நூற்றுக்குப் பதினைந்து பங்கு திடப்பொருளோடு வருகிற கருஞ்சாறு எவாப்பரேட்டர் வரிசையில் படிப்படியாக வற்றி அறுபத்தைந்து, எழுபது பங்குக்கு ஏறும்போது கூப்பனிப் பாகின் பதத்துக்கு வந்து இழுபடுவதை முதன்முறை கண்டபோது எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் தோன்றவில்லை. எந்தக் கட்டத்தில் கை அசந்தால் அடிப்பிடிக்கும் என்பது மாத்திரம் உடனே விளங்கியது. பாளையங்கோட்டையில் ரசாயனம் படித்து முடித்ததும் எங்கள் பக்கத்துச் சாகுபுரத்தில் சிறிது காலம் இருந்தேன். கடலோரத்து உப்பளங்களின் உப்பு அங்கே மின்சாரத்தால் பிளவுண்டு காஸ்டிக் சோடாவாகி வெளியூர்களுக்கு லாரி ஏறும். அதை வாங்குகிறவர்களில் காகித ஆலைகளும் உண்டு என்று தெரிந்துகொண்டுதான், சரக்கு போகிற வழியே நானும் வடக்கே போனேன் என்று சொன்னால் மிகையாகாது.

அந்நாளில் தமிழ்நாட்டுக் காகிதத் தொழில் இரண்டு விதமாக இருந்தது. பள்ளிபாளையத்துச் சேஷசாயி ஆலையைப் போன்ற பெரிய ஸ்தாபனங்கள் மீட்புக் கொதிகலம் வைத்திருந்தன. 1979-இல் அரசாங்கம் நிறுவி, 1984-இல் புகளூரில் ஓடத் தொடங்கிய செய்தித்தாள் காகித ஆலையோ கரும்புச் சக்கையையே பிரதான மூலப்பொருளாகக் கொண்டது. சர்க்கரை ஆலைகளுக்குச் சக்கைதான் எரிபொருள் என்பதால், அவற்றுக்கு வேண்டிய நீராவிக்கு வேறு எரிபொருளைக் கொடுத்துச் சக்கையைப் பண்டமாற்றாகப் பெற்றுக்கொள்ளும் அந்த ஏற்பாட்டை, காகிதத் தொழிலில் நான் கண்ட புத்திசாலித்தனமான வியாபாரங்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கிறேன்.

இன்னொரு விதம் வைக்கோலையும் சக்கையையும் வேகவைத்த சிறிய ஆலைகள். அவற்றுக்கு மீட்புக் கொதிகலம் கட்டிவராது. கருஞ்சாறு வாய்க்காலில் போகும். தேசத்தின் பல பாகங்களில் அப்படிப்பட்ட ஆலைகளைப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஓடைத் தண்ணீர் காபி நிறத்தில் நுரை சுமந்து செல்லும். அதன் கரையில் நின்றுகொண்டு ஆலை முதலாளி, "சார், இதிலிருந்து ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள், காசே வேண்டாம்" என்பார். வினையூக்கிக்காரனுக்கு இதைவிடச் சௌகரியமான பேச்சு கிடையாது என்று தோன்றும். கந்தகம் சேர்க்காமல் சோடாவில் மட்டும் வேகவைத்த சாறாதலால் அது ஒரு விதத்தில் உத்தமமான சரக்கும்கூட. ஆனால் வைக்கோலிலும் சக்கையிலும் உள்ள சிலிக்கா காரத்தில் கரைந்து அந்தச் சாற்றிலேயே கூடவரும். லிக்னினை வீழ்த்தப் போனால் அதுவும் சேர்ந்து வீழும். 2003-இல் மத்திய அரசாங்கம் வகுத்த சுற்றுச்சூழல் பொறுப்புச் சாசனம், இத்தகைய ஆலைகள் ஒன்று ரசாயன மீட்பு ஏற்பாடு செய்யவேண்டும், இல்லையேல் கூழ் தயாரிப்பை விட்டு வேறு வழிக்குத் திரும்பவேண்டும் என்று சொல்லிவிட்டது. பல ஆலைகள் பழைய காகிதத்தை வாங்கி அரைக்கத் தொடங்கின. ஆற்றுக்கு அது நன்மை; அதில் இரண்டாவது பேச்சே இல்லை. லிக்னின் உண்மையாகவே கழிவாக இருந்த இடங்கள் மட்டும் அதோடு அருகிப்போயின.

எங்களுக்கெல்லாம் ஆசை காட்டியது வெனிலின். 1930-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சல்பைட் காகித ஆலையின் கழிவுநீரிலிருந்து வெனிலின் எடுக்கத் தொடங்கினார்கள். பிறகு கனடாவின் தோரோல்டில் ஒரே ஆலை உலகச் சந்தையின் பெரும்பகுதிக்குச் சப்ளை செய்தது. நார்வேயில் சார்ப்ஸ்போர்க் நகரத்து ஆலை 1962 முதல் ஸ்ப்ரூஸ் மரத்து லிக்னினிலிருந்து அதைச் செய்துவருகிறது. காரநீரில், அழுத்தத்தின் கீழ், செம்பு உப்பு வினையூக்கியாய் நிற்க, காற்றைச் செலுத்திச் சூடேற்றினால் லிக்னினின் ஓரங்கள் வெனிலினாகப் பிரிந்து வருகின்றன. ஐஸ்கிரீமில் மணக்கிற பொருள் காகித ஆலைச் சாக்கடையிலிருந்து வருகிறது என்றால் எந்த இளைஞனுக்குத்தான் ரத்தம் சூடேறாது? ஆனால் அந்தச் சரித்திரத்தின் மறுபாதியை யாரும் முதலில் சொல்லுவதில்லை. லிக்னினில் பெரும்பகுதி அங்கே வெனிலினாவதில்லை. தயாரான வெனிலினின் எடையைப்போல் நூறு மடங்குக்கும் அதிகமான காரக்கழிவு மிஞ்சியது. பெட்ரோலிய மூலத்திலிருந்து குவாயகால் வழியே செய்கிற வெனிலின் மலிவாக வந்ததும் தோரோல்டு ஆலை 1987-இல் மூடப்பட்டது. நார்வேக்காரர்கள் நிலைத்ததற்குக் காரணம் வெனிலின் மாத்திரமல்ல; மரத்தின் சகல பாகத்தையும் பத்து விதமாக விற்கக் கற்றதுதான்.

நம்முடைய மரங்களோ வேறு ஜாதி. ஸ்ப்ரூஸ், பைன் முதலிய ஊசியிலை மரங்களின் லிக்னின் ஏறக்குறைய ஒரே விதமான வளையங்களால் ஆனது. நம் ஆலைகளுக்கு வருகிற சவுக்கிலும் தைல மரத்திலும் இரண்டு விதம் கலந்திருக்கிறது. சக்கையில் மூன்றாவதொன்றும் உண்டு. செம்பு உப்பிட்டு ஆக்ஸிஜனேற்றினால் வெனிலினோடு சிரிஞ்சால்டிஹைடும் சேர்ந்து வரும். குரோமட்டோகிராப் தாளில் இரண்டு சிகரங்கள் அழகாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்து மகிழ்ந்துபோகிறவர்களுக்கு, அவற்றைப் பீப்பாய்க் கணக்கில் பிரிக்க ஆகிற செலவு அந்தத் தாளில் எழுதியிராது.

லிக்னினைச் சாற்றிலிருந்து வீழ்த்துவதே ஒரு தனி வித்தை. கந்தகம் சேர்த்துச் சமைத்த கருஞ்சாற்றில் அமிலத்தை ஊற்றினால் முதலில் எழுவது அழுகிய முட்டை நாற்றம். ஹைட்ரஜன் சல்பைடு அளவு மீறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது என்பதால், நாற்றம் நின்றுவிட்டதே என்று நிம்மதியடைகிறவனை உடனே வெளியே இழுக்கவேண்டும். குளிர்ந்த நிலையில் வீழ்த்தினால் லிக்னின் கொழகொழத்த சேறாக வந்து வடிதுணியை அடைத்துக்கொள்ளும். எழுபது டிகிரி சுமாருக்குச் சூடாக வைத்து நிதானமாக வீழ்த்தினால் மணல்போல் திரண்டு வடியும். அதை நேரே தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் மறுபடி கொழகொழத்து அடைப்பு ஏற்படும். ஸ்வீடன் தேசத்தவர்கள் கண்ட உபாயம், வடிந்த கட்டியை முதலில் அமிலநீரில் கரைசேறாக்கி மறுபடி வடித்து, அதற்கப்புறமே கழுவுவது. இவ்வளவு சாதாரணமாகத் தோன்றும் இந்தத் தந்திரம் பெரிய அளவில் முதன்முதல் தொழிலாக நடந்தது 2013-இல், அமெரிக்காவின் வட கரோலினாவில் பிளிமத் என்ற ஊரின் ஆலையில் என்றால், எளிய காரியங்கள் எவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளுகின்றன என்பது விளங்கும்.

முதல் கட்டத்தில் கந்தக அமிலத்துக்குப் பதிலாகக் கரியமில வாயுவையே செலுத்தினால் போதும். ஆலையின் சோடா–கந்தகக் கணக்கு குலையாது. சக்கைச் சாறாயின் கார அளவைச் சற்று முன்னதாகவே நிறுத்திச் சிலிக்காவை மட்டும் முதலில் வீழ்த்திப் பிரித்துவிடவும் முடியும். கரியமில வாயுவுக்கு எங்கே போவது என்று ஒரு காலத்தில் கேட்டவர்களுக்கு, 2016-இல் எங்கள் தூத்துக்குடியிலேயே பதில் கிடைத்தது: அங்குள்ள ஆல்கலி தொழிற்சாலை தன் நிலக்கரிக் கொதிகலத்தின் புகையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் கரியமில வாயுவைப் பிரித்தெடுத்துச் சோடா செய்யத் தொடங்கியது. காகித ஆலைக்கு அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியமில்லை. அதன் சுண்ணாம்புச் சூளைப் புகையே போதுமானது. வாசலில் இருப்பதைப் பயன்படுத்தலாம் என்று தோன்றுவதற்குத்தான் நாளாகிறது.

அப்புறம் வினையூக்கி. லிக்னினை உடைப்பது கஷ்டம் என்று புத்தகங்கள் சொல்லும். உடைப்பது கஷ்டமே அல்ல. உடைந்த துண்டுகள் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பதுதான் கஷ்டம். ஹைட்ரஜன் நிரப்பிய ஆட்டோகிளேவில் நிக்கலோ ருத்தீனியமோ இட்டு முந்நூறு டிகிரிக்குச் சூடேற்றி, ஆறவைத்து மூடியைக் கழற்றும்போது, நல்ல நாளாயிருந்தால் பீனாலும் குவாயகாலும் கலந்த புகை மணம் வரும் பழுப்பு எண்ணெய் மேலே நிற்கும். கெட்ட நாளாயிருந்தால் பாத்திரத்தின் அடியில் உளிகொண்டு செதுக்கவேண்டிய கரி ஒன்று வினையூக்கித் துகள்களைத் தன்னுள் விழுங்கிக்கொண்டு படிந்திருக்கும். கெட்ட நாட்களே அதிகம். அவற்றுக்குக் காரணம் ஊக்கியின் குணத்தைவிடச் சரக்கின் குணம். ஆலைச் சமையலில் 170 டிகிரி வெப்பத்தில், எளிதில் உடையக்கூடிய ஆக்ஸிஜன் இணைப்புகளையெல்லாம் காரம் முன்பே உடைத்துவிடுகிறது. உடைந்த முனைகள் கார்பனோடு கார்பனாக இறுகிவிடுகின்றன. எஞ்சியதில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை கந்தகம். விலையுயர்ந்த உலோக ஊக்கிகளுக்கு அது விஷம். சரியாகக் கழுவாமல் தங்கிவிட்ட சோடியம், ஜியோலைட் போன்ற திட ஊக்கிகளின் அமில குணத்தைக் கொன்றுவிடும். சிலிக்கா துளைகளை அடைக்கும். வாங்கிய சுத்தமான லிக்னினில் எண்பது பங்கு மாற்றம் கண்டேன் என்று கட்டுரை எழுதிய ஓர் ஆராய்ச்சிக் குழுவுக்கு நான் எங்கள் ஆலைச் சரக்கு ஒரு வாளி அனுப்பிவைத்தேன். அதைப்பற்றி அவர்கள் பின்னர் ஒன்றும் பிரசுரிக்கவில்லை.

நெதர்லாந்தின் ஐந்தோவனில் செம்பு–மக்னீசியம்–அலுமினியம் ஆக்ஸைடை ஊக்கியாகவும் எத்தனாலைக் கரைப்பானாகவும் வைத்துச் செய்த வேலையைப் படித்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று: அங்கே எத்தனால் வெறும் கரைப்பான் அல்ல, உடைந்த முனைகளோடு தானே போய் இணைந்து, அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாமல் காக்கிறது. நம் சர்க்கரை ஆலைகளில் சக்கையும் எத்தனாலும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன என்பதை நினைத்து நான் எத்தனையோ இரவுகள் கணக்குப் போட்டதுண்டு. ஆராய்ச்சிக்கு ஸ்பிரிட் வாங்குவதற்குக் கலால் இலாகாவின் பதிவேடும் பூட்டும் சாவியும் படுத்திய பாடு தனியாக எழுதவேண்டிய புராணம்.

பூனாவின் தேசிய ரசாயன ஆராய்ச்சிச்சாலையில் திட அமில ஊக்கிகளைக் கொண்டும், டேராடூனின் பெட்ரோலிய ஆராய்ச்சி நிலையத்தில் வெப்பச் சிதைவு வழியிலும் லிக்னினை உடைக்கும் வேலைகள் நடந்து வந்திருக்கின்றன. பெல்ஜியத்தின் லூவனில் உள்ளவர்களோ பிரச்னையைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். மரத்தைச் சமைக்கும்போதே ஊக்கியையும் ஹைட்ரஜனையும் உள்ளே வைத்து, லிக்னின் இறுகுவதற்கு முன்பே அதைப் பிடித்துவிடுவது அவர்கள் வழி; அப்படிப் பிடித்த எண்ணெயை ஜியோலைட்டின்மேல் செலுத்திப் பீனாலும் புரோப்பிலீனுமாகப் பிரித்து, 2020-இல் அதை வெளியிட்டார்கள். பிர்ச் மரத்தின் லிக்னினில் எடைக்கு ஐந்தில் ஒரு பங்கு பீனாலாக வந்தது. படித்துவிட்டு நான் எழுந்து நின்றேன் என்பது உண்மை. ஆனால் காகித ஆலைக்காரனாகிய என் மனசு உடனே கேட்டது: நூறு நூறு கோடி கொட்டி வைத்திருக்கிற, மரத்தை வேகவைக்கும் டைஜெஸ்டரை எடுத்தெறிந்துவிட்டு இதை எந்த ஆலை வைக்கும்? அது புது ஆலைக்கான சாஸ்திரம். ஓடிக்கொண்டிருக்கிற ஆலைக்கு வேண்டியது வேறு.

ஃபோர்மனுக்குச் சொல்லவேண்டிய பதிலும் அப்படி நடைமுறையிலிருந்தே கிடைத்தது. கூழ் உற்பத்தியைப் பெருக்க நினைக்கிற பல ஆலைகளில் தடையாக நிற்பது மீட்புக் கொதிகலமே. அதைப் பெரிதாக்குவது ஆலையிலேயே பெரிய செலவு. அப்படிப்பட்ட இடத்தில் லிக்னினில் நாலில் ஒரு பங்கை வெளியே எடுத்தால், உலைக்கு அந்தமட்டில் இடம் கிடைத்து, அதே கொதிகலம் அதிகக் கூழின் சாற்றைத் தாங்கும். எடுத்த லிக்னினுக்கு என்ன விலை கிடைத்தாலும் லாபமே. முழுவதையும் கேட்கிற ரசாயனிக்கு ஆலையில் இடமில்லை. கால் பங்கு கேட்டால் நாற்காலி போடுவார்கள். இதை அவரிடம் சொல்ல அவர் இருக்கவில்லை.

எடுத்த கால் பங்கை உடனே உடைத்துத்தான் ஆகவேண்டுமென்பதுமில்லை. பிளைவுட் பசையில் பீனாலுக்குப் பதிலாக ஒரு பகுதி லிக்னினை அப்படியே சேர்க்கலாம். பெங்களூர் ஒட்டுப்பலகை ஆராய்ச்சி நிலையம் அதில் நெடுநாள் உழைத்திருக்கிறது. பெருமையில்லாத வேலை என்று வினையூக்கிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தக் கூச்சம் போய் வெகுகாலமாயிற்று. அரோமாட்டிக் ரசாயனமே வேண்டுமென்றால், நம் பக்கத்தில் நான் நம்புவது சவுக்கையல்ல, சக்கையை. அதன் லிக்னினோடும் அதையொட்டிய ஹெமிசெல்லுலோஸோடும் ஓரத்தில் எஸ்டராக ஒட்டிக்கொண்டிருக்கும் பாரா-கூமாரிக் அமிலமும் ஃபெருலிக் அமிலமும், முந்நூறு டிகிரியோ ஹைட்ரஜன் அழுத்தமோ இல்லாமல், மிதமான காரத்திலேயே கழன்று வந்துவிடும். சமையலுக்கு முன் சக்கையை ஒருமுறை இளங்காரத்தில் நனைத்துப் பிழிந்தால் போதும். கந்தகமில்லாத, வளையம் சிதையாத, ஒரே இனத்துச் சரக்கு. அதற்குமேல் ஊக்கிக்கு வேண்டியதும் சிறிய வேலையே. மலிவான சக்கை எவ்வளவு நாள் கிடைக்கும் என்பதுதான் கேள்வி. சர்க்கரை ஆலைகள் இப்பொழுது அதையே எரித்து மின்சாரம் செய்து விற்கக் கற்றுக்கொண்டுவிட்டன. பண்டமாற்றுக்கு முன்போல் அவசரமாக வருவதில்லை.

சென்ற வருஷம் திருநெல்வேலிக் கல்லூரி ஒன்றிலிருந்து ஆராய்ச்சி மாணவர் ஒருவர் சாத்தான்குளத்துக்கு என் வீடு தேடி வந்தார். கோபால்ட்–மாலிப்டினமா, ருத்தீனியமா, எதை எடுத்துக்கொள்ளட்டும் சார் என்று கேட்டார்.

"தம்பி, எந்த ஆலைச் சரக்கு?"

"கடையில வாங்கலாம்னு இருக்கேன் சார். தொண்ணூத்தாறு பர்சென்ட் ப்யூர்."

"அதை விட்டுடுங்க. ஒரு ஆலைக்குப் போய்ச் சாறு கேளுங்க. கந்தகம் எவ்வளவு, சோடியம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, எத்தனை டிகிரியிலே சமைச்சான், இதெல்லாம் எழுதி எடுத்துட்டு வாங்க."

"அப்போ ஊக்கி, சார்?"

"அதை அந்தக் காகிதத்தைப் பார்த்துட்டுப் பேசலாம்."

அவர் தயக்கத்தோடுதான் எழுந்தார். ஆனாலும் ஆலையின் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டே போனார்.